ஜப்பானின் மரக்கட்டை வண்ணப் புத்தகங்கள்: ஓர் எளிய அறிமுகம்

தாமரை இலைமேல் ஒரு தவளை, கூடவே ஒரு பொன்வண்டு. சமூக ஊடகங்களில் அடிக்கடி சுற்றிவரும் படம் இது. கீழே "200 வருடப் பழமையான ஜப்பானிய ஓவியம்" என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் பகிர்கிறார்கள், ஆனால் அந்த ஒரு வரிக்குள் குழப்பம் நிறைய. அந்தத் தவளையை யாரும் காகிதத்தில் தீட்டவில்லை, அது அச்சடித்தது. தனிப் படமும் கிடையாது. 1788இல் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், வெளிவந்த ஒரு பூச்சிப் புத்தகத்தின் கடைசிப் படம் அது. படத்தோடு இரண்டு குறும்புக் கவிதைகள் உண்டு. பல பதிவுகளில் அவற்றை வெட்டித் தள்ளியிருப்பார்கள்.

கிதாகாவா உதாமாரோ வரைந்த அந்தப் புத்தகத்தின் பெயர் 'எஹோன் முஷி எராமி'. மொத்தம் 15 படங்கள், படத்துக்கு இரண்டாக 30 கவிதைகள். கவிதைகள் எல்லாமே காதலைப் பற்றியவை. பூச்சியும் பாம்பும் பல்லியும் தவளையும் அதற்கு ஒரு சாக்கு. இப்படிப்பட்ட புத்தகங்கள் எப்படி உருவாயின, அந்த வண்ணம் தாளில் எப்படி ஏறியது என்பதை அடியிலிருந்து பார்ப்போம். அச்சுத் தொழிலோ ஜப்பானிய மொழியோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## தாள் வேறு, புத்தகம் வேறு

ஜப்பானிய அச்சுப் படம் என்றதும் பலருக்கும் ஹொகுசாய் என்ற ஓவியரின் பெரிய அலைதான் நினைவுக்கு வரும். அது தனித் தாளாக விற்ற படம். நடிகர்கள், அழகிகள், ஊர்க்காட்சிகள் என்று நகர வாழ்க்கையைக் காட்டிய அந்தப் பட மரபை உகியோ-எ என்று சொல்வார்கள். அதே ஓவியர்களும் அதே பட்டறைகளும் புத்தகங்களையும் செய்தார்கள். படம் முதன்மையாக இருக்கும் அந்தப் புத்தகங்களுக்கு எஹோன் என்று பெயர். தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் ஒரே ஒரு விரிப்பைத்தான், அதாவது திறந்தால் அருகருகே தெரியும் இரண்டு பக்கங்களைத்தான், காட்ட முடியும். தாள்களுக்குக் கிடைத்த புகழ் புத்தகங்களுக்குக் கிடைக்காமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்துப் படநூல்கள் எல்லாம் வண்ணத்தில் இருந்தன என்று இன்னொரு நினைப்பு உண்டு. எடோ காலம் 1603 முதல் 1868 வரை நீண்டது. அந்த இரண்டரை நூற்றாண்டில் வந்த படநூல்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைதான். கதைப் புத்தகங்களுக்கு அட்டையில் மட்டும் வண்ணம் போட்டு உள்ளே வெறும் கறுப்பில் விடுவது பிற்காலத்தில் வழக்கமாகவே ஆனது. வாங்கிப் படித்தவர்களைவிட வாடகைக்கு எடுத்துப் படித்தவர்கள் அதிகம். 1808இல் எடோவில் மட்டும் 656 வாடகைப் புத்தகக் கடைகள் இருந்தன. அங்கே கைமாறியவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் புத்தகங்கள்.

உள்ளே முழுக்க வண்ணத்தில் ஒரு புத்தகம் என்றால் அதற்கு யாரோ நிறையப் பணம் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஏன் அவ்வளவு செலவு என்பது செய்முறையைப் பார்த்தால் புரியும்.

## ரப்பர் ஸ்டாம்பிலிருந்து தொடங்கலாம்

ஆபீஸில் இருக்கும் ரப்பர் ஸ்டாம்பைத் திருப்பிப் பாருங்கள். எழுத்துகள் மேடாக இருக்கும், சுற்றிலும் பள்ளமாக இருக்கும். மை மேட்டில் மட்டும் ஒட்டும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக இருக்கும். தாளில் பட்டதும் நேராகிவிடும். மரக்கட்டை அச்சின் அடிப்படையும் இவ்வளவுதான். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் உளியால் செதுக்கி எடுத்துவிட்டால், மிச்சம் நிற்பது அச்சாகும். ஒரு மெல்லிய கோடு வேண்டுமென்றால் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் உள்ள மரத்தை எடுக்க வேண்டும்.

இனி இரண்டு நிறம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீல மைக்கு ஒரு ஸ்டாம்ப், சிவப்பு மைக்கு இன்னொரு ஸ்டாம்ப். இரண்டையும் ஒரே தாளில், ஒன்றின் இடத்தில் மற்றது சரியாக விழும்படி குத்த வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனால் சிவப்பு உதட்டைவிட்டுக் கன்னத்தில் விழும். வண்ண அச்சின் மொத்தத் தலைவலியும் இதுதான்.

இந்த ஒப்பீடு இதுவரைக்கும்தான் உதவும். ஸ்டாம்பைத் தூக்கித் தாளில் குத்துகிறோம். ஜப்பானியர்கள் கட்டையை அசைக்கவில்லை. கட்டையை முகம் மேலாகப் படுக்கவைத்து, அதில் மை பூசி, தாளைக் கொண்டுவந்து அதன்மேல் இட்டு, தாளின் முதுகைத் தேய்த்தார்கள். அச்சு இயந்திரமே கிடையாது. தேய்க்கும் கருவிக்கு பாரென் என்று பெயர்: மூங்கில் மடலைக் கிழித்து முறுக்கிய கயிற்றை வட்டமாகச் சுருட்டி, மேலே மூங்கில் மடலால் உறைபோட்ட, கைக்கு அடக்கமான ஒரு தட்டை வட்டு. எங்கே எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது தேய்ப்பவரின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் தெரியும்.

## வரைந்தவர் செதுக்கவில்லை

"உதாமாரோ செதுக்கிய படம்", "ஹொகுசாயின் கைவண்ண அச்சு" என்றெல்லாம் எழுதுகிறார்கள். உண்மையில் வேலை நான்கு பேருக்கிடையில் பிரிந்திருந்தது. பதிப்பாளர் பணம் போட்டார், ஆளைத் தேர்ந்தெடுத்தார், விற்றார். ஓவியர் கறுப்பு மையில் மெல்லிய தாளில் வரைந்து கொடுத்தார். செதுக்குநர் அதைக் கட்டையில் வெட்டினார். அச்சடிப்பவர் தாளில் ஏற்றினார். எழுத்து இருந்தால் அதை எழுதிக் கொடுக்க ஒரு எழுத்தரும் சேர்ந்துகொள்வார்.

ஓவியரின் மூலப் படம் என்ன ஆனது? அது அழிந்துபோனது. வரைந்த தாளைத் தலைகீழாக, முகம் கீழே இருக்கும்படி, செர்ரி மரப் பலகையில் பசை வைத்து ஒட்டிவிடுவார்கள். பிறகு தாளின் முதுகை விரலால் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்குவார்கள். அப்போது கோடுகள் பின்பக்கத்திலிருந்து தெளிவாகத் தெரியும், இடம் வலமாகவும் மாறியிருக்கும். செதுக்குநர் அந்தத் தாளோடு சேர்த்தே மரத்தை வெட்டுவார். வெட்டி முடித்ததும் மூலம் என்று ஒன்று இருக்காது. ஆகவே இந்தப் புத்தகங்களைப் பார்த்து "இதன் ஒரிஜினல் எங்கே?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. அச்சடித்த பிரதிகள்தான் ஒரிஜினல்.

செதுக்குவதிலும் படிநிலை உண்டு. முகமும் தலைமுடியும் மூத்தவர் கைக்குப் போகும். துணிமடிப்பு, பின்னணி போன்றவை சீடர்களுக்கு. நெற்றி ஓரத்து முடிக்கற்றையில் ஒவ்வொரு மயிரும் மரத்தில் மேடாக நிற்க வேண்டும். ஹொகுசாய் சின்ன வயதில் செதுக்குநரிடம் தொழில் பழகியவர், அதனால் இதில் அவருக்குக் கறாரான கருத்துகள் இருந்தன. தான் வரைந்த கண்ணையும் மூக்கையும் செதுக்குபவர்கள் தங்கள் பாணிக்கு மாற்றிவிடுகிறார்கள் என்று பதிப்பாளருக்குக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார், எகாவா தொமெகிச்சி என்ற செதுக்குநரையே போடும்படி கேட்டிருக்கிறார். ஃபூஜி மலையின் நூறு காட்சிகளைக் கொண்ட அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தில் தொமெகிச்சியின் பெயர் அச்சாகியே இருக்கிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: மேடு அச்சாகும், பள்ளம் வெள்ளையாகும்; தாள்தான் கட்டைக்கு வரும்; வரைபவர், வெட்டுபவர், தேய்ப்பவர் மூவரும் வேறு வேறு ஆட்கள். அடுத்தது வண்ணம்.

## ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை

முதலில் கோடுகள் மட்டும் உள்ள கட்டை தயாராகும். இதைக் கோட்டுக் கட்டை என்று சொல்லிக்கொள்வோம். அதிலிருந்து கறுப்பில் பல மாதிரித் தாள்கள் எடுப்பார்கள். அவற்றை ஓவியரிடம் திருப்பி அனுப்புவார்கள். அவர் ஒரு தாளில் சிவப்பு வர வேண்டிய இடங்களை மட்டும் குறிப்பார், இன்னொன்றில் பச்சை, இன்னொன்றில் மஞ்சள். குறித்த ஒவ்வொரு தாளும் மறுபடியும் ஒவ்வொரு புதுப் பலகையில் ஒட்டி வெட்டப்படும். தவளையின் பச்சைக்கு ஒரு கட்டை, வண்டின் நிறத்துக்கு ஒன்று, இலைக்கு ஒன்று என்று போகும். இரண்டு நிறங்களும் தள்ளித் தள்ளி இருந்தால் ஒரே பலகையில் இரண்டையும் வெட்டிச் சிக்கனம் பண்ணுவதும் உண்டு. பலகையின் இரண்டு முகத்தையும் பயன்படுத்துவார்கள், செர்ரி மரம் மலிவில்லை.

சரி, ஆறு ஏழு கட்டைகளிலும் ஒரே தாள் மாறி மாறிப் படும்போது நிறம் தள்ளிப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? அதற்கான ஏற்பாடு அவ்வளவு எளிமையானது, பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். கோட்டுக் கட்டையின் ஓரத்திலேயே இரண்டு குறிகளை வெட்டிவிடுவார்கள். ஒரு மூலையில் மூலைமட்ட வடிவில் ஒரு பள்ளம், அதே விளிம்பில் கொஞ்சம் தள்ளி நேர்கோடாக ஒரு பள்ளம். இந்த ஜோடிக்குக் கென்தோ என்று பெயர். தாளின் மூலையை முதல் குறியில் பொருத்தி, விளிம்பை இரண்டாவதில் உட்காரவைத்தால் தாள் நகர இடமில்லை. மாதிரித் தாள்கள் எடுக்கும்போது இந்தக் குறிகளும் சேர்ந்தே அச்சாகும். ஆகவே அந்தத் தாள்களை ஒட்டி வெட்டும் ஒவ்வொரு வண்ணக் கட்டையிலும் அதே குறி அதே இடத்தில் வந்துவிடும். அளந்து பார்க்கும் வேலையே இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தாள் ஈரமாக இருந்தால்தான் நிறத்தை நன்றாக உறிஞ்சும். ஈரம் பட்டால் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். முதல் நிறம் அடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தால் அடுத்த நிறம் பொருந்தாது. அதனால் அச்சு முடியும்வரை தாள் அடுக்கை ஒரே அளவு ஈரத்தில் வைத்திருப்பார்கள். இந்த முரட்டு நடத்தையைத் தாங்கக்கூடிய காகிதம் ஜப்பானில் இருந்தது: காகித மல்பெரி என்ற செடியின் பட்டையிலிருந்து எடுத்த நீளமான நார்களால் ஆனது. மெலிதாக இருக்கும், ஆனால் பலமுறை தேய்த்தாலும் கிழியாது. நிறம் பரவிப் போகாமலிருக்கப் படிகாரமும் வஜ்ஜிரமும் கலந்த கரைசலை முன்கூட்டியே பூசிவைப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் கோட்டுக் கட்டை இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. 1802இல் நாகாமுரா ஹோச்சூ வெளியிட்ட 'கோரின் கஃபு' என்ற புத்தகத்தில் கறுப்புக் கோடே கிடையாது. ஒரு நிறத் திட்டுக்குள் இன்னொரு நிறம் கசிந்து கலந்தது போலப் பூக்களும் மான்களும் தெரியும். ஈரத் தூரிகை செய்யும் வேலையை மரக்கட்டையைச் செய்யவைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஜப்பானியப் புத்தகங்களில் மிகவும் துணிச்சலானது அதுதான் என்பேன்.

## சிப்பி எப்படி மின்னுகிறது

இங்கே பயன்பட்டது எண்ணெய் மை இல்லை. தண்ணீரில் கரைத்த நிறத்தைத் தூரிகையால் கட்டையில் பரப்பி, கொஞ்சம் அரிசிப் பசையும் சேர்ப்பார்கள். பசைதான் நிறத்தைச் சீராகப் பரவவைத்துத் தாளில் பிடிக்கவைக்கும். கட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடித்தால் நிறம் அடர்த்தியிலிருந்து மெல்ல வெளிறிப்போகும். இதற்கு பொகாஷி என்று பெயர். இந்த வெளிறல் கட்டையில் செதுக்கப்பட்டது கிடையாது. ஒவ்வொரு பிரதிக்கும் அச்சடிப்பவர் புதிதாகத் துடைக்க வேண்டும், அதனால் ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளில் வானம் ஒரே மாதிரி இருக்காது.

இன்னும் சில வித்தைகள் உண்டு. நிறமே பூசாமல், வெட்டிய கட்டையின்மேல் ஈரத்தாளை அழுத்தித் தேய்த்தால் தாளில் புடைப்பு விழும். காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காவைப் பொடித்துப் பசையோடு சேர்த்தால் பளபளப்பு வரும்.

இந்த வித்தைகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் உதாமாரோவின் இன்னொரு புத்தகம் இருக்கிறது, 'ஷியோஹி நோ த்சுதோ'. ஏறத்தாழ 1789இல் வந்தது. எடோவை அடுத்த ஷினாகாவா கடற்கரையில் அலை வாங்கிய நேரத்தில் மக்கள் சிப்பி பொறுக்கும் காட்சியோடு தொடங்கும். நடுவில் விரிப்பு விரிப்பாக மணல்மேல் சிதறிய சிப்பிகள், மேலே 36 கவிதைகள். கடைசியில், வீட்டுக்குள் பெண்கள் சிப்பிகளை ஜோடி சேர்த்து விளையாடும் காட்சி. ஸ்கேன் செய்த படத்தில் சிப்பிகள் வெளிர் நிறத்தில் சாதாரணமாகத்தான் தெரியும். நேரில் பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்தால் கதை வேறு. சிப்பியின் வரிகள் தாளில் புடைத்து நிற்கும், உட்புறத்தில் மைக்கா வெளிச்சத்துக்கு ஏற்ப மின்னும். இந்தப் புத்தகங்கள் கையில் வைத்து, ஆட்டிப் பார்க்கச் செய்தவை. திரையில் பார்த்து "நிறம் கம்மியா இருக்கே" என்று முடிவு கட்டினால் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம்.

## மடிப்புதான் புத்தகத்தின் ரகசியம்

தனித்தாள் படங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கும் தெரியாமல் போகும் பகுதி இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பின்பக்கத்தைத் தேய்த்து அச்சடிக்கும் முறையில், மெலிதான தாளில் ஒரு பக்கம்தான் அச்சடிக்க முடியும். எனவே ஒரு தாளில் இரண்டு பக்கங்களை அருகருகே அச்சடித்து, அச்சு வெளியே தெரியும்படி நடுவில் மடிப்பார்கள். மடிப்பு புத்தகத்தின் வெளி ஓரத்துக்குப் போகும். திறந்த இரண்டு விளிம்புகளும் முதுகுப் பக்கத்தில் சேர்த்துத் தைக்கப்படும். இதைப் பை மடிப்புத் தையல் என்று சொல்லலாம், ஏனென்றால் ஒவ்வொரு இதழும் உள்ளே காலியான ஒரு பை போல இருக்கும். பொதுவாக நான்கு துளை போட்டு நூலால் தைப்பார்கள். புத்தகம் வலமிருந்து இடமாகத் திறக்கும்.

இதிலிருந்து வரும் விளைவைக் கவனியுங்கள். புத்தகத்தைத் திறந்தால் வலது பக்கமும் இடது பக்கமும் தெரிகின்றன. வலது பக்கம் ஒரு தாளின் பின்பாதி. இடது பக்கம் அடுத்த தாளின் முன்பாதி. அதாவது, திறந்த விரிப்பில் ஒரே காட்சியாகத் தெரியும் படம் இரண்டு வேறு தாள்களில், இரண்டு வேறு கட்டைகளிலிருந்து வந்தது. ஹொகுசாயின் ஃபூஜி புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில், 1835இல் வந்தது, ஓர் அலை நுரை சிதறிப் பறவைகளோடு பறவையாகப் பறக்கும் காட்சி ஒன்று உண்டு. அந்த அலையின் ஒரு பாதி ஒரு கட்டையில், மறுபாதி இன்னொரு கட்டையில். இடையில் தையலுக்காக விட்ட வெள்ளை இடம் இருக்கும்.

வண்ணம் சேர்ந்தால் வேலை இன்னும் கடினம். பாதி வானத்தை ஒரு தாளில் அடித்து, மீதி வானத்தை வேறு தாளில் வேறு வேளையில் அடித்து, இரண்டும் தையலில் சந்திக்கும்போது ஒரே நிறமாக இருக்க வேண்டும். கணக்கும் பாருங்கள்: 30 இதழ் உள்ள ஒரு புத்தகத்துக்குக் கறுப்போடு சேர்த்து 6 நிறம் என்றால், 180 முகங்கள் வெட்ட வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் 180 தடவை தாளை வைத்துத் தேய்க்க வேண்டும். வண்ணப் புத்தகம் ஏன் அபூர்வம் என்று கேட்டோமே, விடை இதுதான்.

இந்த இடைவெளியை விரும்பாத பதிப்பாளர்கள் வேறொரு வடிவத்துக்குப் போனார்கள். விரிப்பு முழுவதையும் ஒரே தாளில் அச்சடித்து, அச்சு உள்ளே இருக்கும்படி மடித்து, தாள்களை ஓரத்தில் முதுகோடு முதுகாக ஒட்டிவிட்டார்கள். விசிறி மடிப்பாக விரியும் ஆல்பம் இது, தையலே கிடையாது. சிப்பிப் புத்தகம் இந்த வகை. படம் நடுவில் உடையாமல் ஓடும்.

நினைவில் வைக்க: தைத்த புத்தகத்தில் ஒரு விரிப்பு என்பது இரண்டு தாள்களின் பாதிகள்; ஒட்டிய ஆல்பத்தில் ஒரு விரிப்பு ஒரே தாள்.

## உலோக எழுத்து தெரியாமலா இருந்தார்கள்?

தெரியும். கொரியாவின்மேல் 1592 முதல் 1598 வரை நடந்த படையெடுப்பில் அங்கிருந்து அச்செழுத்துகள் ஜப்பானுக்கு வந்தன. அதே காலத்தில் ஐரோப்பிய அச்சு இயந்திரமும் வந்தது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சடித்த அதே இயேசு சபையினர்தான் 1590இல் ஜப்பானுக்கும் ஓர் இயந்திரத்தைக் கொண்டுபோனார்கள். கியோட்டோவுக்கு அருகே சாகாவில் 1608இல் தனி எழுத்துகளைக் கோத்து, படங்களோடு 'இசே மோனோகதாரி' என்ற பழைய கதை நூலை மிக அழகாக அச்சடித்தார்கள்.

ஆனாலும் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் தனி எழுத்தைப் பெரும்பாலும் கைவிட்டுக் கட்டைக்கே திரும்பினார்கள். இதைப் பின்னடைவு என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். ஜப்பானியக் கையெழுத்தில் ஓர் எழுத்து அடுத்ததோடு பின்னிக்கொண்டு ஓடும். ஆயிரக்கணக்கான சீன எழுத்துகள் வேறு. கட்டையில் எழுத்தும் படமும் ஒன்றாக வெட்டலாம், எழுத்தைப் படத்துக்குள்ளேயே ஓடவிடலாம். முக்கியமாக, கட்டையை அடுக்கி வைத்திருந்து கேட்பு வரும்போது இன்னும் கொஞ்சம் பிரதி எடுக்கலாம். கோத்த எழுத்தைப் பிரித்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து கோக்க வேண்டும். வியாபாரிக்கு எது லாபம் என்று சொல்லவும் வேண்டுமா?

## வண்ணத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள்

வண்ண அச்சு 1765இல் ஹருனோபு என்ற ஓவியர் கண்டுபிடித்தது என்று பல இடங்களில் பார்க்கலாம். பாதிதான் சரி. சீனாவின் நான்ஜிங்கில் 1633 வாக்கிலேயே 'பத்து மூங்கில் மாளிகை' என்ற ஓவியப் பாடநூல் பல வண்ணக் கட்டைகளால் வந்துவிட்டது. ஜப்பானிலும் 'ஜின்கோகி' என்ற கணக்குப் புத்தகத்தின் 1631ஆம் ஆண்டுப் பதிப்பில் கறுப்போடு வேறு நிறங்களும் அச்சாகின. 1762இல் கத்சுமா ரியூசூயி வரைந்த மீன்களின் புத்தகம் 'உமி நோ சாச்சி' பல வண்ணங்களில், கவிதைகளோடு வந்தது. வண்ணம் புத்தகத்துக்குள் தனித்தாளைவிட முந்தி நுழைந்திருக்கிறது என்பதை இங்கே கவனிக்கலாம்.

1765இல் நடந்தது வேறு. அன்றைய ஜப்பானிய நாட்காட்டியில் எவை நீண்ட மாதங்கள், எவை குறுகிய மாதங்கள் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். வசதி படைத்த கவிதைக் குழுவினர் அந்த மாத எண்களைப் படத்துக்குள் ஒளித்துவைத்து அச்சடித்துப் புத்தாண்டில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். யார் படம் உசத்தி என்று போட்டி வேறு. செலவைப் பார்க்காமல் நல்ல காகிதம், நல்ல செதுக்குநர், நிறையக் கட்டைகள் என்று இறங்கினார்கள். அவர்களுக்காக வரைந்தவர்களில் முக்கியமானவர் சுசுகி ஹருனோபு. அந்தக் கட்டைகள் பதிப்பாளர்கள் கைக்குப் போய்ச் சந்தைக்கு வந்தன. முழு வண்ணத் தனித்தாள் படங்களுக்கு நிஷிகி-எ என்ற பெயர் அப்போது நிலைத்தது. ஹருனோபு 1770இல் இறந்தார். யோஷிவாரா என்ற கேளிக்கைப் பேட்டையின் பெண்களை வரைந்த அவருடைய ஐந்து பாக வண்ணப் புத்தகம் அதே ஆண்டில் வந்தது.

யோஷிவாராவின் வாசலருகே கடை வைத்துத் தொடங்கியவர்தான் த்சுதாயா ஜூசாபுரோ. பூச்சிப் புத்தகமும் சிப்பிப் புத்தகமும் இவருடைய வெளியீடுகள். அவற்றுக்கும் பின்னால் கவிதைக் குழுக்களே இருந்தன. கியோகா என்ற கிண்டல் கவிதை எழுதும் கூட்டம். பூச்சிப் புத்தகத்தின் கவிதைகளைத் தொகுத்தவர் யாதோயா நோ மேஷிமோரி, அந்தக் கூட்டத்தில் பெரிய கை. தங்கள் கவிதை அழகான புத்தகத்தில் வர வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு, தன் இளம் ஓவியரை ஊருக்குக் காட்ட வேண்டும் என்ற கணக்கு த்சுதாயாவுக்கு. கொஞ்ச காலத்திலேயே அரசின் சிக்கன, ஒழுக்கச் சட்டங்கள் இறுகின. 1791இல் வேறு சில புத்தகங்களுக்காக த்சுதாயாவின் சொத்தில் பாதி பறிபோனது.

எல்லோருக்கும் இப்படிப் புரவலர் கிடைக்கவில்லை. 1814இல் நாகோயாவில் தொடங்கி 15 பாகங்களாக 1878 வரை வந்த 'ஹொகுசாய் மங்கா'வைத் திறந்தால் கறுப்பு, சாம்பல், வெளிறிய சிவப்பு, அவ்வளவுதான். மூன்றே நிறம். இது ஓவியம் பழகுபவர்களுக்கும் பொழுதுபோக்காகப் பார்ப்பவர்களுக்கும் விற்ற படத் தொகுப்பு, கதை எதுவும் கிடையாது. இன்றைய காமிக்ஸின் முதல் புத்தகம் என்று சிலர் சொல்வது, இன்று ஜப்பானிய காமிக்ஸைக் குறிக்கும் 'மங்கா' என்ற பெயரை வைத்துச் செய்த ஊகம். மூன்று நிறத்துக்கு மேல் போயிருந்தால் விலை ஏறியிருக்கும், இத்தனை பாகம் வந்திருக்காது.

## பழைய பிரதி கண்ணில் பட்டால்

இந்தப் புத்தகங்களின் கடைசியில் பதிப்பு விவரம் இருக்கும். அதில் 1788 என்று இருந்தால் பிரதி 1788இல் அச்சானது என்று பொருள் இல்லை. அது பெரும்பாலும் கட்டை வெட்டி முதலில் வெளியிட்ட வருடம். கட்டைகளையும் உரிமையையும் பதிப்பாளர்கள் ஒருவருக்கொருவர் விற்றார்கள், பல வருடம் கழித்தும் அதே தேதியோடு அச்சடித்தார்கள். பிந்திய பிரதிகளில் கோடு உடைந்திருக்கும், கட்டை தேய்ந்திருக்கும், சில நிறங்களையும் மைக்காவையும் செலவு கருதி விட்டிருப்பார்கள்.

நிறம் மாறியிருப்பதும் உண்டு. சின்ன நீலப் பூ ஒன்றிலிருந்து எடுத்த நீலம் ஈரத்துக்கும் வெளிச்சத்துக்கும் தாங்காது, பழுப்பாகவோ சாம்பலாகவோ ஆகிவிடும். குசும்பாப் பூவின் சிவப்பும் வெளிறும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு 1921இல் வந்த ஸ்போல்டிங் தொகுப்பு என்ற ஜப்பானிய அச்சுப் படத் தொகுப்பைக் காட்சிக்கே வைக்கக் கூடாது என்பது கொடுத்தவர்களின் நிபந்தனை. அங்கே உள்ள தனித்தாள்களில் அந்த நீலமும் சிவப்பும் இன்னும் புதிதாக இருக்கின்றன. மூடிய புத்தகத்துக்கு இப்படி ஒரு நிபந்தனை தேவைப்படவில்லை, அது தன் வண்ணத்தைத் தானே இருட்டில் வைத்துக்கொள்கிறது.

இணையத்தில் "அசல் ஜப்பானிய அச்சு" என்று சட்டம் போட்டு விற்கும் சின்னத் தாள்களில் பல, புத்தகத்தைப் பிரித்து எடுத்தவை. அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்புத் தடம் இருக்கும். மடிப்பை ஒட்டிச் சின்ன எழுத்தில் புத்தகப் பெயரோ இதழ் எண்ணோ இருக்கலாம். இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு படங்களின் துண்டுகளாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், தைத்த புத்தகத்தின் இதழ்தான். விளிம்பில் தையல் துளைகளும் தெரியலாம். இப்படிப் புத்தகத்தைப் பிரித்து விற்பதை நான் ஏற்கவில்லை. அரைத் தவளையை வாங்கிச் சுவரில் மாட்டி என்ன செய்வது?

முழுப் புத்தகமாகப் பார்க்க வழி இருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், பிரிட்டிஷ் அருங்காட்சியகம், ஜப்பானின் தேசிய டயட் நூலகம் போன்றவை பல எஹோன்களை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கின்றன. புதிதாக அச்சான ஒன்றைக் கையில் எடுக்க ஆசை என்றால் கியோட்டோவில் உன்சோதோ என்ற பதிப்பகம் இருக்கிறது. 1891இல் தொடங்கியது. காமிசாகா செக்கா வரைந்து 1909-10இல் வந்த 60 படங்கள் கொண்ட 'மொமோயோகுசா' இவர்களுடைய வெளியீடுதான். பழைய கட்டைகளைப் பாதுகாத்து, இன்றும் கையால் அச்சடித்து விற்கிறார்கள். ஸ்கேன் பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: முதல் பக்கம் கடைசியில் இருப்பதுபோல் தோன்றினால் கோப்பில் தவறு இல்லை, வலப்பக்கத்திலிருந்து புரட்டுங்கள்.